அரிசோனாவில் புதிதாகக் குடியுரிமை வாங்கியவர்கள் ஓட்டுப் பதிவு செய்வது எப்படி: லைசென்ஸ் நம்பரை மட்டும் நம்பாதீர்கள்

சாண்ட்லர், கில்பர்ட், டெம்பி பக்கம் இருந்துகொண்டு அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய, வாங்கப்போகிற தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். கலிஃபோர்னியாவிலோ இல்லினாயிலோ இருக்கிற உங்கள் அண்ணனோ மச்சினனோ "ஃபாரத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு, அவ்வளவுதான்" என்று சொல்வார்கள். அவர்கள் ஊருக்கு அது சரி. பெரும்பாலான மாநிலங்களில் "நான் குடிமகன்" என்று உறுதி கூறிக் கையெழுத்துப் போடுவதுதான் பதிவு, பொய் சொன்னால் தண்டனை என்பதுதான் அதற்குக் காவல். அரிசோனாவில் அது போதாது, குடியுரிமைக்கு ஆதாரம் கொடுக்க வேண்டும். பிறப்பால் குடிமக்களாக இருப்பவர்களுக்கு இது பெரும்பாலும் தானாகவே நடந்துவிடும், ஏனென்றால் அவர்களுடைய அரிசோனா லைசென்ஸே ஆதாரமாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. விசாவிலோ கிரீன் கார்டிலோ இருந்தபோது லைசென்ஸ் எடுத்து, அப்புறம் குடிமக்கள் ஆன நமக்குத்தான் அது வேலை செய்யாமல் போகும்.

முதலில் விதி என்ன என்று சுருக்கமாக. 2004-ல் வாக்காளர்களே ஓட்டுப்போட்டு நிறைவேற்றிய முன்மொழிவு 200 தான் இதன் தொடக்கம். 2013-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கூட்டாட்சிப் படிவத்தில் (மாநிலம் தருவது அல்ல, மத்திய அரசு தரும் வாக்காளர் பதிவுப் படிவம்) பதிவு செய்பவர்களிடம் மாநிலம் கூடுதலாக ஆதாரம் கேட்கக்கூடாது என்று 7-க்கு 2 என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. அதனால் அரிசோனாவில் இன்றைக்கு இரண்டு வகை வாக்காளர்கள் இருக்கிறார்கள். ஆதாரம் கொடுத்தவர்களுக்கு முழு வாக்குச்சீட்டு. கூட்டாட்சிப் படிவத்தில் ஆதாரம் இல்லாமல் பதிவு செய்தவர்களுக்கு அதிபர், செனட், பிரதிநிதிகள் சபை ஆகியவை மட்டும் இருக்கும் குறைந்த வாக்குச்சீட்டு. மாநிலப் படிவத்தை ஆதாரம் இல்லாமல் கொடுத்தால், 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவுக்குப் பிறகு, பதிவையே ஏற்காமல் போகலாம்.

அதிபர் தேர்தலில் ஓட்டுப் போட்டால் போதுமே என்று சிலர் நினைப்பார்கள். போதாது. உங்கள் பிள்ளை படிக்கிற பள்ளியின் நிர்வாகக் குழு, நகர மன்றம், ஷெரிஃப், ஆளுநர், மாநிலச் சட்டமன்றம் எல்லாமே குறைந்த வாக்குச்சீட்டில் இல்லாதவை. 2024 நவம்பரில் மட்டும் மாநிலம் முழுவதற்கும் 13 முன்மொழிவுகள் வாக்குச்சீட்டில் இருந்தன, கருக்கலைப்பு உரிமையை மாநில அரசியல் சாசனத்தில் சேர்த்ததும் அதில் ஒன்று. 2022-ல் மாநில அட்டர்னி ஜெனரல் தேர்தல் மறு எண்ணிக்கைக்குப் பிறகு 280 ஓட்டு வித்தியாசத்தில் முடிந்தது. மாநிலம் முழுக்க 25 லட்சம் பேருக்கு மேல் ஓட்டுப் போட்ட தேர்தல் அது. வருடக்கணக்கில் காத்திருந்து, வரி கட்டி, கைரேகை கொடுத்து வாங்கிய உரிமை, அதை அரைகுறையாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

உறுதிமொழி எடுக்கும்வரை எந்தப் படிவத்தையும் தொடாதீர்கள்

இதை முதலில் சொல்லக் காரணம், இதில் தவறினால் திருத்திக்கொள்ள வழி கிட்டத்தட்ட இல்லை. என்-400 என்ற குடியுரிமை விண்ணப்பத்துக்கான நேர்காணலில் தேறிவிட்டால் குடிமகன் ஆகிவிட்டோம் என்று அர்த்தமில்லை. உறுதிமொழி விழாவில் கை உயர்த்திச் சொல்லி முடித்த பிறகுதான் நீங்கள் குடிமகன். அதற்கு ஒரு நாள் முன்னால் வாக்காளராகப் பதிவு செய்திருந்தாலும் அது சட்ட மீறல்தான், குடியுரிமை மறுக்கப்படலாம், நாடு கடத்தல் வழக்குவரை போகலாம். லைசென்ஸ் கொடுக்கும் மாநில அலுவலகமான எம்.வி.டி.யின் கவுன்ட்டரில் லைசென்ஸ் எடுக்கப் போகும்போது "வாக்காளராகப் பதிவு செய்ய விருப்பமா?" என்ற கேள்வி வரும். கிரீன் கார்டில் இருப்பவர்கள், மாணவர் விசாவில் வந்த பிள்ளைகள், ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் அம்மா அப்பா, எல்லோருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்: அந்தக் கேள்விக்கு "இல்லை" என்று தெளிவாகச் சொல்ல வேண்டும், திரையில் வரும் கட்டங்களை நிதானமாகப் படித்துவிட்டுத்தான் தொட வேண்டும். என்-400-லேயே "எப்போதாவது வாக்காளராகப் பதிவு செய்ததுண்டா, ஓட்டுப் போட்டதுண்டா" என்று கேட்கிறார்கள், அங்கே வந்து மாட்டிக்கொண்டு தவிப்பதைவிட இது எவ்வளவோ சுலபம். ஏற்கனவே தெரியாமல் பதிவாகிவிட்டது என்றால் தெரிந்தவர்கள் பேச்சைக் கேட்காமல் நேராகக் குடிவரவு வழக்கறிஞரிடம் போங்கள்.

விழா முடிந்த அன்றே செய்ய வேண்டியது

விழாவில் உங்கள் கிரீன் கார்டை வாங்கிக்கொள்வார்கள், பதிலுக்குக் குடியுரிமைச் சான்றிதழ் கையில் வரும். அதில் இரண்டு எண்கள் இருப்பதைக் கவனியுங்கள். மேலே வலது பக்கம் சிவப்பில் இருப்பது சான்றிதழ் எண். இடது பக்கம் யு.எஸ்.சி.ஐ.எஸ். (குடிவரவுத் துறை) பதிவு எண் என்று "ஏ" எழுத்தில் தொடங்குவது உங்கள் பழைய ஏ-நம்பர், கிரீன் கார்டில் இருந்த அதே எண். கார்டு போய்விட்டதே, ஏ-நம்பருக்கு எங்கே போவது என்று பிறகு தேடுபவர்கள் உண்டு, அது சான்றிதழிலேயே இருக்கிறது. இரண்டும் வேறு வேறு, படிவத்தில் எதைக் கேட்கிறார்களோ அதை எழுத வேண்டும்.

சான்றிதழை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் முன்னும் பின்னும் தெளிவாக நகல் எடுத்து வையுங்கள். அனுமதியில்லாமல் நகல் எடுத்தால் தண்டனை என்று பல சான்றிதழ்களில் அச்சிட்டிருக்கும், அதைப் பார்த்துப் பயந்து நகலே எடுக்காமல் விட்டுவிடுகிறார்கள். சட்டப்படியான தேவைக்கு நகல் எடுப்பதில் தவறில்லை, பாஸ்போர்ட் விண்ணப்பத்திலேயே அதன் நகலையும் சேர்த்து வைக்கச் சொல்கிறார்கள். நகல் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும்போது அசல் சான்றிதழை அவர்களிடம் கொடுத்துவிட வேண்டும், அது பாஸ்போர்ட்டோடு சேர்ந்து வராமல் தனி உறையில் பிறகுதான் திரும்பி வரும். இடையில் உங்கள் கையில் எந்த ஆதாரமும் இருக்காது. தொலைந்தால் என்-565 போட்டுப் புதிது வாங்க 500 டாலருக்கு மேல் ஆகும், காத்திருப்பு வேறு.

அப்புறம் தள்ளிப்போடாமல் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பியுங்கள். பெரியவர்களுக்கு முதல் முறை 130 டாலர், அதோடு விண்ணப்பத்தை வாங்கிக்கொள்ளும் இடத்தில் 35 டாலர், மொத்தம் 165. பயணம் எதுவும் இல்லையே, இப்போது எதற்கு என்று நினைக்காதீர்கள். ஓட்டுப் பதிவுக்கு நம் போன்றவர்கள் கையில் இருக்கக்கூடிய ஆவணங்களில் சிக்கலே இல்லாதது பாஸ்போர்ட் நகல்தான் என்பது என் கருத்து, ஏனென்று கீழே சொல்கிறேன்.

லைசென்ஸில் என்ன பிரச்சினை

1996 அக்டோபர் 1-க்குப் பிறகு கொடுக்கப்பட்ட அரிசோனா லைசென்ஸ் குடியுரிமைக்கு ஆதாரமாகச் செல்லும் என்பது விதி, அந்தத் தேதியிலிருந்துதான் சட்டப்படி தங்கியிருப்பதற்கான ஆதாரத்தை எம்.வி.டி. கேட்கத் தொடங்கியது. ஆனால் வெளிநாட்டவராக இருந்தபோது நீங்கள் லைசென்ஸ் எடுத்திருந்தால் எம்.வி.டி. கணினியில் உங்கள் பெயருக்கு எதிரே "எஃப்" வகை என்ற குறி இருக்கும். நீங்கள் உறுதிமொழி எடுத்த செய்தி அந்தக் கணினிக்குத் தானாகப் போவதில்லை. அதனால் பதிவுப் படிவத்தில் லைசென்ஸ் நம்பரை எழுதி அனுப்பினால், வாக்காளர் பதிவைக் கவனிக்கும் கவுன்ட்டி ரெக்கார்டர் அலுவலகம் எம்.வி.டி.யோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போது "இவர் குடிமகன் இல்லை" என்று பதில் வரும். நீங்கள் குடிமகனாகி மூன்று வருடம் ஆகியிருக்கலாம், கணினிக்கு அது தெரியாது. உங்களுக்கு ஒரு கடிதம் வரும், ஆதாரம் அனுப்பச் சொல்லி. விளம்பரத் தபால்களோடு சேர்த்து அதைக் குப்பையில் போட்டுவிட்டால் கதை அங்கேயே நின்றுவிடும்.

இணையத்தில் பதிவு செய்தாலும் இதே சிக்கல்தான், அங்கே அடிப்படையே லைசென்ஸ் நம்பர். அதனால் ஒன்று, முதலில் எம்.வி.டி. அலுவலகத்துக்கு நேரில் போய்க் குடியுரிமைச் சான்றிதழையோ அமெரிக்கப் பாஸ்போர்ட்டையோ காட்டி விவரத்தை மாற்றிப் புது லைசென்ஸ் எடுத்துக்கொண்டு அப்புறம் இணையத்தில் பதிவு செய்யுங்கள். அல்லது லைசென்ஸை நம்பாமல் காகிதப் படிவத்தோடு பாஸ்போர்ட் நகலை வைத்து அனுப்புங்கள். நான் இரண்டையுமே செய்யச் சொல்வேன். ஓட்டுக்குப் பாஸ்போர்ட் நகல், எம்.வி.டி. மாற்றம் பின்னால் வரக்கூடிய தொல்லைகளுக்காக.

பின்னால் என்ன தொல்லை என்று கேட்டால், டெக்சஸில் 2019-ல் நடந்ததைப் பாருங்கள். லைசென்ஸ் பதிவில் வெளிநாட்டவர் என்று இருந்த சுமார் 95,000 வாக்காளர்களைச் சந்தேகப் பட்டியலில் போட்டு அறிவித்தார்கள், பார்த்தால் அதில் பல்லாயிரம் பேர் பிற்பாடு முறையாகக் குடியுரிமை வாங்கியவர்கள். வழக்கு நடந்து மாநிலம் அந்தப் பட்டியலைக் கைவிட வேண்டியதாயிற்று. பழைய பதிவைத் திருத்தாமல் விட்டால் இப்படி ஒரு பட்டியலில் நம் பெயரும் வரும். இதே காரணத்துக்காக சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்திலும் விவரத்தை மாற்றுங்கள். 2024 ஏப்ரலுக்குப் பிறகு வந்த என்-400 படிவத்திலேயே அதற்கு ஒரு கேள்வி இருக்கிறது, அதில் சம்மதம் சொல்லியிருந்தால் தகவல் அவர்களுக்குப் போகும். அதற்கு முன் விண்ணப்பித்தவர்கள் நேரில் போய்த்தான் மாற்ற வேண்டும். வாக்காளர் பட்டியலை இப்போது கூட்டாட்சித் தரவுகளோடு சரிபார்க்கிறார்கள், அங்கே பழைய விவரம் கிடந்தால் அதுவும் நம் தலையில்தான் விழும்.

படிவத்தை நிரப்புவது

மாநிலப் படிவம் கவுன்ட்டி ரெக்கார்டர் அலுவலகத்திலும் நூலகங்களிலும் கிடைக்கும், இணையத்திலிருந்தும் இறக்கிக்கொள்ளலாம். ஃபீனிக்ஸ் சுற்று வட்டாரம் பெரும்பாலும் மரிகோப்பா கவுன்ட்டி, டூசான் என்றால் பீமா கவுன்ட்டி. உங்கள் கவுன்ட்டிக்குத்தான் அனுப்ப வேண்டும்.

ஆதாரமாக நம்மவர்கள் கொடுக்கக்கூடியவை மூன்று. பாஸ்போர்ட்டில் பெயர், படம், எண் எல்லாம் உள்ள பக்கத்தின் தெளிவான நகல். இதற்கு மேற்கொண்டு எந்தச் சரிபார்ப்பும் தேவையில்லை, அதனால்தான் இதை முதலில் வைக்கிறேன். இரண்டாவது, குடியுரிமைச் சான்றிதழை ரெக்கார்டர் அலுவலகத்துக்கு நேரில் எடுத்துப்போய்க் காட்டுவது. மூன்றாவது, படிவத்தில் சான்றிதழ் எண்ணையோ ஏ-நம்பரையோ மட்டும் எழுதுவது. பாஸ்போர்ட் வர நேரமாகும், தேர்தலோ நெருங்குகிறது என்றால் இது கைகொடுக்கும், ஆனால் எண்ணை மட்டும் கொடுத்தால் அவர்கள் குடிவரவுத் துறையோடு சரிபார்த்த பிறகுதான் பெயரைச் சேர்ப்பார்கள். விழா முடிந்து சில நாட்களே ஆகியிருந்தால் அந்தத் தரவு புதுப்பிக்கப்படாமல் இருக்க வாய்ப்புண்டு. அவசரம் என்றால் நேரில் போய்விடுங்கள், ஒரு அரை நாள் லீவு போட்டாலும் பரவாயில்லை.

நாள் கணக்கு கண்டிப்பானது. தேர்தலுக்கு 29 நாள் முன்னதாகப் பதிவு முடிந்திருக்க வேண்டும். 2026 நவம்பர் 3 தேர்தலுக்கு என்றால் அக்டோபர் 5. அரிசோனாவில் தேர்தல் நாளில் போய்ப் பதிவு செய்யும் வழி கிடையாது.

கூட்டாட்சிப் படிவம் கையில் கிடைத்தால் அதையும் பயன்படுத்தலாம், அதோடும் பாஸ்போர்ட் நகலை வைத்து அனுப்பினால் முழு வாக்குச்சீட்டே கிடைக்கும். ஆதாரம் கேட்கவில்லையே என்று வெறும் படிவத்தை மட்டும் அனுப்பினால்தான் குறைந்த வாக்குச்சீட்டில் போய் நிற்பீர்கள்.

பெயர்

தமிழர்களுக்கு இது தனித் தலைவலி, கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். முத்துக்குமார் என்று ஒருவர், இந்தியப் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இடம் காலி. அமெரிக்க விசாவில் முத்துக்குமார் குடும்பப்பெயராகி, முதல் பெயர் இருக்கும் இடத்தில் "எஃப்.என்.யு." என்று விழுந்துவிடும், முதல் பெயர் தெரியவில்லை என்று பொருள். அதுவே லைசென்ஸில், வங்கியில், சம்பளச் சீட்டில் எல்லாம் தொடர்ந்து வரும். குடியுரிமை வாங்கும்போது அவர் முத்துக்குமார் ராமசாமி என்று அப்பா பெயரைச் சேர்த்து மாற்றிக்கொள்கிறார், நல்ல விஷயம்தான், என்-400-லேயே கேட்டு நீதிமன்ற விழாவில் உறுதிமொழி எடுத்தால் அதற்கென்று தனிச் செலவு இல்லை. இப்போது பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், லைசென்ஸில் வேறு பெயர். வாக்காளர் படிவத்தில் லைசென்ஸ் நம்பரையும் எழுதிப் பாஸ்போர்ட் நகலையும் வைத்தால் இரண்டும் ஒருவர்தானா என்ற கேள்வி எழும்.

இதற்கு வழி, எல்லாவற்றையும் பாஸ்போர்ட் பெயருக்குக் கொண்டுவருவது. முதலில் சோஷியல் செக்யூரிட்டி, அடுத்து எம்.வி.டி., அதற்கப்புறம் வாக்காளர் பதிவு. பெயர் மாற்றத்துக்கு நீதிமன்றம் தரும் தாள் ஒன்று இருக்கும், அதைச் சான்றிதழோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள், பெயர் பொருந்தாத இடத்தில் அதன் நகலை இணைக்க வேண்டி வரும். கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயரைச் சேர்த்துக்கொண்ட பெண்களுக்கும் இதேதான், அவர்களுக்குத் திருமணச் சான்றிதழ். இனிஷியலை முன்னால் போடுவதா, விரித்து எழுதுவதா என்று யோசிக்கவே வேண்டாம், பாஸ்போர்ட்டில் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள்.

கையெழுத்தும் அப்படித்தான். அரிசோனாவில் பெரும்பாலானோர் தபாலில் வரும் வாக்குச்சீட்டில்தான் ஓட்டுப் போடுகிறார்கள், உறையின் மேல் நீங்கள் போடும் கையெழுத்தைப் பதிவில் இருப்பதோடு ஒப்பிடுவார்கள். தமிழில் கையெழுத்துப் போடுபவர்கள் தமிழிலேயே போடலாம், எங்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதுதான் விஷயம். படிவத்தில் ஃபோன் நம்பரை எழுதுங்கள், கையெழுத்தில் சந்தேகம் வந்தால் கூப்பிட்டுக் கேட்பார்கள். தெரியாத நம்பர் என்று எடுக்காமல் விடாதீர்கள்.

அனுப்பிய பிறகு

சில வாரங்களில் வாக்காளர் அட்டை தபாலில் வரும். அது வந்தாலும் வராவிட்டாலும் மாநிலத்தின் வாக்காளர் தகவல் தளத்தில் உங்கள் பெயரைத் தேடிப் பாருங்கள், முழு வாக்குச்சீட்டா, கூட்டாட்சித் தேர்தல் மட்டுமா என்பதைப் பாருங்கள். புரியவில்லை என்றால் ரெக்கார்டர் அலுவலகத்துக்கு ஃபோன் செய்து "நான் முழு வாக்குச்சீட்டு பெறும் வாக்காளரா?" என்று நேரடியாகக் கேளுங்கள். கூட்டாட்சி மட்டும் என்று இருந்தால் பாஸ்போர்ட் நகலைக் கொடுத்து மாற்றிவிடலாம், கடைசி வாரம்வரை காத்திருக்காதீர்கள்.

முன்னமே பதிவு செய்து வருடக்கணக்காக ஓட்டுப் போட்டு வருபவர்களும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. 2024 செப்டம்பரில், 1996-க்கு முன் லைசென்ஸ் எடுத்துவிட்டுப் பிறகு மாற்று லைசென்ஸ் வாங்கியவர்களை, மாற்று வாங்கிய தேதியை வைத்து ஆதாரம் கொடுத்தவர்களாகக் கணினி கணக்கில் எடுத்துவந்தது வெளியே தெரிந்தது. முதலில் 98,000 பேர் என்றார்கள், பிறகு 2,18,000 என்று ஆயிற்று. அந்தத் தேர்தலில் முழு வாக்குச்சீட்டு கொடுக்கலாம் என்று மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது, ஆனால் அவர்களிடம் ஆதாரம் கேட்டு அதற்கப்புறம் கடிதங்கள் போயின. இவர்களில் பெரும்பாலானோர் காலங்காலமாக இங்கேயே வாழ்பவர்கள். கான்சாஸிலும் இதே மாதிரிச் சட்டத்தால் 31,000 பேருக்கு மேல் பதிவு செய்ய முடியாமல் நின்றார்கள், 19 வருடத்தில் பட்டியலில் ஏறிய வெளிநாட்டவர் அதிகபட்சம் 39 பேர்தான் என்று நீதிமன்றம் கண்டது, 2018-ல் அந்தச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பானது. இப்படி ஆதாரம் கேட்பது தகுதியுள்ளவர்களைத்தான் அதிகம் தடுக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் அரிசோனாவில் சட்டம் இருக்கிறவரை தாளைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஆக வேண்டும், நியூ ஹாம்ப்ஷயர், வயோமிங் மாநிலங்களும் அண்மையில் ஆதாரம் கேட்கத் தொடங்கியிருக்கின்றன, நாடு முழுவதற்கும் இதைக் கொண்டுவரும் மசோதாவைப் பிரதிநிதிகள் சபை 2025 ஏப்ரலில் நிறைவேற்றியது. வேறு மாநிலத்துக்கு வீடு மாறினாலும் பாஸ்போர்ட் நகல் உதவும்.

வாக்குச்சாவடிக்கு நேரில் போனால் அங்கே குடியுரிமை ஆதாரம் கேட்கமாட்டார்கள், அடையாளம் மட்டும்தான். இப்போதைய முகவரியோடு உள்ள அரிசோனா லைசென்ஸ் இருந்தால் போதும். பாஸ்போர்ட்டில் முகவரி இல்லை என்பதால் அதைக் காட்டினால் கூடவே மின்சார பில் மாதிரி முகவரி உள்ள ஒன்றும் வேண்டும்.

பிள்ளைகள்

நீங்கள் குடியுரிமை வாங்கும்போது 18 வயதுக்குள் இருந்து, கிரீன் கார்டோடு உங்கள் பொறுப்பில் உங்களோடு இங்கே வாழ்ந்த பிள்ளைகளும் 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி தானாகவே குடிமக்கள். ஆனால் அவர்கள் பெயரில் சான்றிதழ் எதுவும் தானாக வராது. பிறந்தது சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ, பதினாறு வயதில் எடுத்த லைசென்ஸ் எம்.வி.டி.யில் "எஃப்" வகையாக இருக்கலாம், 18 ஆனதும் கல்லூரியில் யாரோ நீட்டும் படிவத்தில் அந்த நம்பரை எழுதிக் கொடுத்துவிடுவார்கள். தனிச் சான்றிதழ் வாங்க என்-600 என்று ஒன்று உண்டு, ஆயிரம் டாலருக்கு மேல் போகும். பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்தால் ஓட்டுப் பதிவுக்கு அதுவே போதும். அதற்கு உங்கள் குடியுரிமைச் சான்றிதழ், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், கிரீன் கார்டு மூன்றும் வேண்டும். 16 வயதுக்கு முன் எடுத்த பாஸ்போர்ட் ஐந்து வருடத்துக்குத்தான் செல்லும், அதனால் 18-ஆவது பிறந்தநாள் வருகிறபோது அது எப்போது முடிகிறது என்று ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.